ஜெயித்த மறுநாள்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்டும் இறாலும் வாங்கி வரக் கிளம்புகிற சென்னைவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அங்கே உள்ள மீனவ கிராமங்களில் ரொம்ப காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குப் பெயர், பாடு.

விஷயம் இதுதான். ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி கிடையாது. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் அதிகம் சிக்கும். எல்லோரும் அங்கேயே வலை கட்டப் போனால் தினம் அடிதடிதான். ஆகவே, சீட்டுக் குலுக்கு. முறை வை. நல்ல இடம் இன்றைக்கு உனக்கென்றால் நாளைக்கு இன்னொருத்தருக்கு. வரிசையில் நின்றால் உன் முறை கட்டாயம் வரும். (எல்லோருக்கும் இந்த உரிமை இல்லை. பாடு கிடைக்காத மீனவர்களும் அதே ஏரியில் உண்டு. அது தனிக்கதை. தனி வழக்கும்கூட.)

தமிழில் இந்தப் 'பாடு' பொல்லாத சொல். முறை என்றும் அர்த்தம். படுகிற கஷ்டம் என்றும் அர்த்தம்.

விளையாட்டு ரசிகனுக்கு இதில் முதலாவது கிடையாது. இரண்டாவது மட்டும்தான். நம்ம டீமுக்கு அடுத்த வருஷம் முறை வந்துவிடும் என்று எந்தச் சீட்டும் உத்தரவாதம் தராது. காத்திருக்கலாம். பத்து வருஷம், இருபது வருஷம், ஒரு முழு ஆயுள்கூட. கடைசிவரை வராமலே போகலாம்.

சரி, அப்படிக் காத்திருந்து காத்திருந்து ஒருநாள் வந்தே விட்டால்? அந்த மனுஷன் என்ன செய்வான்?

இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். காத்திருப்பதில் உலக சாம்பியன்கள் அங்கே இருக்கிற பேஸ்பால் ரசிகர்கள்.

பேஸ்பால், நம்ம கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒருத்தர் பந்து எறிய, இன்னொருத்தர் உருண்டைக் கட்டையால் அடிக்க, நாலு முனையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். வருஷா வருஷம் கடைசியில் நடக்கிற இறுதிச் சுற்றுக்கு 'வேர்ல்டு சீரிஸ்' என்று பெயர். ஆடுவதெல்லாம் வட அமெரிக்க டீம்கள்தான். ஆனாலும் 'வேர்ல்டு'. அமெரிக்கர்கள் அப்படித்தான்.

பாஸ்டன் நகரத்தின் டீம், ரெட் சாக்ஸ். 1903-ல் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸை ஜெயித்ததே அவர்கள்தான். 1918-க்குள் 5 முறை சாம்பியன். அந்த டீமில் பேப் ரூத் என்று ஓர் அசகாய சூரன் இருந்தார். டீமின் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, நாடகங்கள் தயாரிக்கிறவர். 1919 டிசம்பர் கடைசியில் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் டீமுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்கியிராத டீம், யாங்கீஸ்.

பி.காம். படித்தவன் புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த வியாபாரத்துக்குப் பிறகு 2003 வரைக்கும் யாங்கீஸ் வாங்கிய கோப்பைகள் 26. ரெட் சாக்ஸ் வாங்கியது பூஜ்யம். விற்ற வகையில் இதைவிட மோசமான வரவு செலவு உலகத்தில் இருக்குமா, தெரியாது.

ஜனங்கள் இதற்கு 'பேப் ரூத்தின் சாபம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சாபத்தை நம்பாதவர்களைக்கூட நம்ப வைத்தது 1986. அந்த வருஷம் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். இன்னும் ஒரே ஒரு பந்து சரியாகப் போட்டால் கோப்பை என்கிற நிலைமை. அங்கிருந்து ஆட்டம் சறுக்கியது. கடைசியில் தரையோடு உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்து, பில் பக்னர் என்கிற ஆட்டக்காரரின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனது. அந்த ஆட்டம் போச்சு. ஏழாவது ஆட்டமும் போச்சு. கோப்பையும் போச்சு. பக்னர் தன் ஆட்ட வாழ்க்கையில் எடுத்த 2,700 சொச்சம் 'ஹிட்'களை எல்லோரும் மறந்தார்கள். அந்த ஒரு பந்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு 2004. வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய சுற்று. எதிரி வேறு யார், யாங்கீஸ்தான். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும். முதல் மூன்றிலும் ரெட் சாக்ஸ் உதை வாங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் 19-8. அந்த நிலைமையிலிருந்து மீண்டு வந்த டீம் பேஸ்பால் சரித்திரத்திலேயே கிடையாது. இவர்கள் வந்தார்கள். அடுத்த நாலையும் வரிசையாக ஜெயித்தார்கள். அதே வேகத்தில் செயிண்ட் லூயிஸ் டீமை நாலுக்கு நாலு அடித்து, அக்டோபர் 27-ம் தேதி ராத்திரி கோப்பையைத் தூக்கினார்கள். அன்றைக்குச் சந்திர கிரகணம் வேறு! சாபம் நீங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ராத்திரி எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது.

86 வருஷம். 1918-ல் பத்து வயதுப் பையனாகக் கோப்பையைப் பார்த்தவர், 2004-ல் உயிரோடு இருந்தால் 96 வயது.

இருந்தவர்கள் எத்தனை பேர்?

அதனால்தான் பாஸ்டன் பக்கத்து ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தெருவில் ஆடிப் பாடி முடித்ததும் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்பாவின் கல்லறை, தாத்தாவின் கல்லறை. டீமின் தொப்பி, சின்னக் கொடி, வெற்றிச் செய்தி வந்த அன்றைய பேப்பர் எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். நாம் திவசத்துக்குப் படையல் போடுவதில்லையா, கிட்டத்தட்ட அதேதான். என்ன, இலையில் வடை பாயசத்துக்குப் பதில் ஸ்கோர்.

சிகாகோ கதை இதைவிடப் பெரிசு. கப்ஸ் என்கிற டீம் கடைசியாக ஜெயித்த வருஷம் 1908. நம் ஊரில் வ.உ.சி. கைதாகி, தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுக்கப் போன வருஷம். அதோடு சரி. 1945-ல் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். பில்லி சியானிஸ் என்கிற மதுக்கடைக்காரர் தன் வெள்ளாட்டையும் கூட்டிக்கொண்டு மேட்ச் பார்க்க வந்தார். ஆடு நாறுகிறது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் சாபம் விட்டதாகக் கதை. ஆட்டுக்கு மரியாதை கொடுக்காத டீம் அதற்கப்புறம் 71 வருஷம் இறுதிச் சுற்றையே பார்க்கவில்லை.

2016 நவம்பர் 2. க்ளீவ்லாண்டில் ஏழாவது ஆட்டம். நள்ளிரவு தாண்டி, நடுவே மழை வந்து 17 நிமிஷம் நின்று, பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் ஜெயித்தது. காத்திருப்பு, 108 வருஷம்.

அந்த நாள்களில் சிகாகோவில், கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் சாக்பீஸால் யாரோ ஒரு பெயரை எழுதினார்கள். அடுத்தவர் இன்னொரு பெயர். அப்புறம் அந்தச் செங்கல் சுவர் முழுக்கப் பெயர்கள். கை எட்டாத உயரத்துக்கு ஏணி போட்டும், ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறியும் எழுதினார்கள். நிறையப் பெயர்கள் இறந்துபோனவர்களுடையவை. பார்க்காமல் போன அப்பா, பார்க்காமல் போன பாட்டி. ஒரு மகன், வட கரோலினாவிலிருந்து இந்தியானா வரை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போய், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்டார். ஜெயித்தால் சேர்ந்து கேட்போம் என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்திருந்தார்களாம்.

'விளையாட்டுக்குப் போய் இவ்வளவா சார்?' என்று கேட்கத் தோன்றும். விளையாட்டுக்காக இல்லை என்பதுதான் என் கட்சி. அப்பாக்கள் பிள்ளைகளுக்கு வீடு வைத்துவிட்டுப் போகிறார்கள், கடன் வைத்துவிட்டுப் போகிறார்கள். சில அப்பாக்கள் ஒரு காத்திருப்பை வைத்துவிட்டுப் போகிறார்கள். கடன் தீர்ந்த அன்றைக்கு முதலில் யாரிடம் சொல்லத் தோன்றும்? வாங்கியவரிடம்தானே!

நம் ஊருக்கு வருவோம். முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் நடந்ததே நம்ம சேப்பாக்கத்தில்தான். 1934 நவம்பர். மெட்ராஸும் மைசூரும் மோதி, ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம். ஆனால் மெட்ராஸ் அந்தக் கோப்பையைக் கையில் பிடிக்க 1955 ஆனது. பாலு அழகண்ணன் கேப்டன், இந்தூரில் ஹோல்கர் அணியை வீழ்த்திய வெற்றி. அடுத்த கோப்பை 1988-ல். வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்தில், ரயில்வேஸ் அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் நொறுக்கினார்கள். நடுவே 33 வருஷம். 1988-க்குப் பிறகு பல தடவை ஃபைனல் வரை போய்த் திரும்பியதுதான் மிச்சம். 2025 வரை, அதாவது மேலும் 37 வருஷம், மூன்றாவது கோப்பை வரவில்லை.

பாஸ்டன் மாதிரி, நாம் யாராவது இதற்காக ராத்தூக்கம் கெட்டோமா? இல்லை. ஏனென்றால் மாநில அணியின் ஆட்டத்தைப் பார்க்கவே ஆள் இல்லை. காத்திருக்க ஆள் இருந்தால்தானே அது காத்திருப்பு? இல்லாவிட்டால் வெறும் வருஷக் கணக்கு.

ஆள் இருந்த ஊர், பக்கத்து ஊர். பெங்களூரு.

2008-ல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து ராயல் சேலஞ்சர்ஸ் அணியின் பாடு, சொல்லி மாளாது. 2009-ல் ஃபைனல், 6 ரன்னில் தோல்வி. 2011-ல் ஃபைனல், நம்ம சேப்பாக்கத்தில், சென்னை சூப்பர் கிங்ஸிடம் 58 ரன்னில் தோல்வி. 2016-ல் ஃபைனல் அவர்களுடைய சொந்த சின்னசாமி மைதானத்திலேயே. விராட் கோலி அந்த வருஷம் 973 ரன் எடுத்திருந்தார். 8 ரன்னில் தோல்வி. 'ஈ சலா கப் நம்தே', இந்தத் தடவை கப் நமதே என்பது அவர்களுடைய கோஷம். ஒவ்வொரு வருஷமும் அதே கோஷம், அதே முடிவு. கடைசியில் அது தென்னிந்தியா முழுக்க ஜோக் ஆகிவிட்டது. நாமும் சிரித்தோம். சென்னைக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை ராத்திரி, அகமதாபாத். பஞ்சாபை 6 ரன்னில் வென்று ஒருவழியாகக் கோப்பை வந்தது. எந்த 6 ரன்னில் முதல் தடவை தோற்றார்களோ, அதே 6. ஆட்டம் முடியும் முன்பே கோலியின் கண்ணில் தண்ணீர். பெங்களூருவில் விடிய விடியப் பட்டாசு. 18 வருஷம் கேலியைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மறுநாள் வந்தது.

ஜூன் 4 காலையிலேயே அறிவிப்பு: இன்றைக்கே ஊர்வலம், இன்றைக்கே மைதானத்தில் விழா, அனைவரும் வருக. ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி இல்லை என்று ஒரு தகவல், உண்டு என்று இன்னொரு தகவல். இலவச பாஸ் என்று ஒரு பேச்சு. அரசாங்கத்தின் சார்பில் விதான சௌதா படிக்கட்டில் ஒரு பாராட்டு விழா, அது முடிந்ததும் சின்னசாமி மைதானத்தில் இன்னொன்று. மைதானத்தின் கொள்ளளவு சுமார் 35,000. வந்தவர்கள் இரண்டு, மூன்று லட்சம் என்று முதலமைச்சர் சித்தராமையாவே பிறகு சொன்னார். வாசல் கதவுகள் சின்னவை. கூட்டம் நெருக்கியது. 11 பேர் செத்துப்போனார்கள். 50 பேருக்கு மேல் காயம். இறந்தவர்களில் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் உண்டு, பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தியும் உண்டு. வெளியே இது நடந்துகொண்டிருந்தபோது உள்ளே விழா நடந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வழக்கமான காட்சிகள். போலீஸ் கமிஷனர் சஸ்பெண்ட். கைதுகள். ஓய்வுபெற்ற நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா தலைமையில் விசாரணை. (பெயர் எங்கேயோ கேட்டதாக இருக்கிறதா? 2014-ல் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பு வழங்கியவர்தான்.) சஸ்பெண்ட் ஆன போலீஸ் அதிகாரி ஒருவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். சில மணி நேர அவகாசத்தில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஏற்பாடு செய்யப் போலீஸார் என்ன கடவுளா, கையில் அலாவுதீன் விளக்கா வைத்திருக்கிறார்கள் என்கிற தொனியில் தீர்ப்பாயம் கேட்டது.

நியாயமான கேள்வி. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் அந்தச் 'சில மணி நேரம்'தான்.

பாஸ்டனிலும் மரணம் நடந்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. 2004 அக்டோபர் 21, யாங்கீஸைத் தோற்கடித்த ராத்திரி. மைதானத்துக்கு வெளியே கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது. போலீஸ், மிளகுப்பொடி அடைத்த உருண்டைகளைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டது. கலாட்டாவில் சம்பந்தமே இல்லாமல் நின்றிருந்த 21 வயதுக் கல்லூரி மாணவியின் கண்ணில் பட்டது. செத்துப்போனாள். தப்பு எங்கள் பக்கம் என்று போலீஸ் ஒப்புக்கொண்டது. அந்தக் குடும்பத்துக்கு நகரம் 50 லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது.

ஆறு நாள் கழித்து இறுதிக் கோப்பையே வந்துவிட்டது. இப்போது என்ன செய்தார்கள்? கோப்பை வந்தது புதன்கிழமை ராத்திரி. ஊர்வலம் சனிக்கிழமை. நடுவே இரண்டு முழு நாள் திட்டமிடக் கிடைத்தது. எல்லோரும் ஒரே இடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை. ஆட்டக்காரர்களை, நிலத்திலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டிகளில் ஏற்றி, தெருத் தெருவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்படியே சார்லஸ் ஆற்றிலும் இறக்கினார்கள். முப்பது லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டார்கள். கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. கோப்பைதான் நகர்ந்தது. முண்டியடித்து நுழைய வேண்டிய கதவு என்று ஒன்று அங்கே இல்லை.

பெரிய ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் யோசனை.

பெங்களூருவில் ஏன் அந்த அவசரம்? சந்தோஷம் ஆறிப்போவதற்குள் மேடையில் கோப்பையோடு நின்றுவிட வேண்டும். டீமுக்கும் அந்த அவசரம், கிரிக்கெட் சங்கத்துக்கும் அந்த அவசரம், அரசியல்வாதிகளுக்கும் அந்த அவசரம். ரசிகனுக்கு மட்டும்தான் அவசரம் இல்லை. 18 வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் மூன்று நாள் காத்திருப்பது ஒரு பெரிய விஷயமா? சனிக்கிழமை வா என்றிருந்தால் சனிக்கிழமை வந்திருப்பான். காத்திருக்கத் தெரிந்ததால்தானே அவன் ரசிகனாகவே இருந்தான்!

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஏரிக்கு உல்லாசமாக வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், உயிர்காக்கும் கவச உடையும் கிடையாது. 22 பேர் செத்துப்போனார்கள். அவர்களும் பண்டிகைச் சந்தோஷத்தில் வந்தவர்கள்தான். படகுக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு உண்டு. மைதானத்துக்கும் உண்டு. வருகிற ஜனங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது, படகை ஓட்டுகிறவரும் கதவைத் திறக்கிறவரும்.

பில் பக்னர் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2008 ஏப்ரலில், புது சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு, பந்தை எறிந்து தொடங்கிவைக்க அவரை பாஸ்டன் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். வந்தார். மைதானம் முழுக்க எழுந்து நின்று, நிறுத்தாமல் கை தட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 22 வருஷம் கழித்துக் கிடைத்த கைதட்டல். 2019-ல் அவர் காலமானார்.

அவருக்காவது முறை வந்தது. பெங்களூரு வாசலில் நின்ற அந்தப் பதினொரு பேருக்கும் கோப்பை வந்தது. அதை நேரில் பார்ப்பதற்குள்தான் அவர்களைக் கொன்றுவிட்டோம்.